வாய் வரைக்கும் போன கை

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பெற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவள் நான்.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடுக்கு. அதன் வழியே சோறு குவித்த ஒரு சஹனும் அதைச் சுற்றி ஐந்து வலக்கைகளும் தெரிந்தன. பகல் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்த நேரம். புளி கரைத்த மீன் குழம்பின், எங்கள் பேச்சில் ஆணத்தின், ஆவி இடுக்கு வழியே என் முகத்தில் அடித்தது. வெளியே முற்றத்தில் காக்கைகள் மீன் செதிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்திருந்தேன். பொய்தான். வேறு பல பொய்களுக்கு வெட்கப்பட்டிருக்கிறேன், இதற்கு இல்லை.

கண்டதைச் சொல்லுமுன் ஏன் அங்கே நின்றேன் என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், இந்த வார இதழின் வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீந்துபோன இட்லி

இரண்டு வாரத்துக்கு முன் என் நினைவுகள் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் 'பெரிய குடும்பத்துக்கு அரைமணிச் சமையல்' என்று ஒன்று வந்திருந்தது. அதைப் படித்த வாசகி எனக்கு எழுதியிருக்கிறார்: 'நீங்கள் எட்டுப் பிள்ளை வளர்த்தவர். உங்களுக்கும் இப்படிச் சில சிக்கனச் சமையல் தெரிந்திருக்குமே, எழுதலாமே?'

தெரியும், அம்மா. தெரிந்ததால்தான் அந்தப் பக்கத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டேன்.

அந்தப் பக்கத்துப் பெரிய குடும்பம் எவ்வளவு பெரியது என்று படத்தைப் பார்த்தேன். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். மாமியாரும் பெட்டியோடு நிற்கிறார். அநேகமாக மறுநாள் போய்விடுவார்.

முதல் குறிப்பு, 'மீந்துபோன இட்லிகளை உதிர்த்துக்கொள்ளவும்' என்று ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு மீந்தது பானை மட்டும்தான். அதையும் உதிர்க்க முடிந்திருந்தால் உதிர்த்திருப்போம். அடுத்த குறிப்பில் 'இருந்தால் ஒரு கைப்பிடி முந்திரி சேர்க்கலாம்' என்கிறார்கள். இருந்தால் கப்பலும் வாங்கலாம்.

அரைமணி என்ற பெருமைக்கும் ஒன்று சொல்கிறேன். நாங்கள் அதைவிடச் சீக்கிரம் சமைத்தோம். எங்கள் அடுப்பில் எரிந்தது பனையோலையும் மட்டையும். குபீரென்று பிடிக்கும், பொசுக்கென்று அணையும். ஒரு கட்டு ஓலை எரிந்து முடிவதற்குள் சோறும் ஆணமும் இறங்கியாக வேண்டும். அவசரம் கடிகாரத்தில் இல்லை, விறகில் இருந்தது. அதை யாரும் எங்களுக்குக் கலையென்று சொல்லித் தரவில்லை.

கொழும்பு அடைத்துக்கொண்ட பிறகு

நான் அபிராமத்துப் பெண். எட்டாவது வரை படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தேன். வாழ்க்கைப்பட்டது திருப்புல்லாணியைத் தாண்டிக் கடலோரத்து ஊரில். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை. சுதந்திரம் வந்து சில வருஷம் வரை அந்தக் கடை எங்களுக்குச் சோறு போட்டது. ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கமிருந்து வண்டியில் நெல் வந்து இறங்கும். மாமனார் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்காரனை அவிழ்க்க விடுவார்.

பிறகு அந்தப் பக்கத்துச் சட்டங்கள் மாறின. சாமான் போவது நின்றது, பணம் வருவதும் நின்றது. வீட்டுக்காரர் கடையை விட்டு வரவும் முடியாமல், அங்கே பிழைக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டார். நான் ஊரிலேயே பெண்கள் பள்ளியில் வேலைக்குப் போனேன். மருமகள் வேலைக்குப் போகலாமா என்று மாமனார் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் ரேஷன் கடையில் நிற்கப் போனவர் திரும்பி வந்தபோது முகத்தையும் நேராகத் திருப்பிக்கொண்டார்.

எட்டுப் பிள்ளைகள், மாமனார், நான். பதினோராவது ஆள் என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா. இளவயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். பிள்ளை இல்லை. நான் பள்ளிக்குப் போனதும் அடுக்களை அவர் கைக்குப் போனது. பகல்சோறு அவர் பொறுப்பு. இரவில் ஆளுக்கு ஒரு கோப்பைக் கஞ்சி. கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி நான் தனியாகக் குடித்துவிட்டுப் படுப்பேன்.

மதினியின் கெட்டித்தனம்

வாசகி கேட்ட சமையல் இதுதான். எழுதிக்கொள்ளலாம்.

ரேஷன் நொய்யைத் தனியாகப் பொங்கக் கூடாது. நொய் பாதி வெந்ததும் குதிரைவாலியைக் கொட்டிக் கிளற வேண்டும். பானை நிறையும். தின்றால் தொண்டையில் அறுக்கும், ஆனால் நிறையும்.

மீன் வாங்க ஏலம் நடக்கும்போது கரைக்குப் போகக் கூடாது. ஏலம் முடிந்து, பெரிய மீனெல்லாம் ஏறிப் போன பிறகு போக வேண்டும். கூடைக்கு அடியில் காரப்பொடி மீன் கிடக்கும். விரல் நீளம் இருக்காது, உடம்பெல்லாம் முள். அதுதான் சிக்கனம் என்பார் மதினி. பிள்ளை முள்ளைப் பார்த்துப் பார்த்துத் தின்னும். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவே நேரமாகும். வயிறு ஏமாந்துபோகும்.

இரவுக் கஞ்சிக்கு ஒரு துண்டுக் கருவாட்டைத் தணலில் போட வேண்டும். ஒரு துண்டு போதும். வாடை தெரு முழுக்கப் போகும். வீட்டில் விருந்து என்று தெரு நினைத்துக்கொள்ளும், பிள்ளைகளும் நினைத்துக்கொள்வார்கள்.

கீரைக்குக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் முற்றத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. அது எப்படிச் சாய்ந்தது என்று நான் கேட்டதில்லை.

இவ்வளவும் உண்மை. இவ்வளவும் சேர்ந்தாலும் பதினோரு பேருக்குப் பற்றாது, காணாது என்பதும் உண்மை. ஆனால் தினமும் கண்டது. மாமனார் ஏப்பம் விட்டபடி, பரக்கத்தான கை என்பார். பரக்கத்து என்றால் அல்லாஹ் தரும் பெருக்கம், கொஞ்சம் நிறையவாவது. நான் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரம்மா. காணாதது எப்படிக் காண்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பசி இல்லாத வீட்டில் கேள்வி கேட்பது நன்றிகெட்டதனம் என்று இருந்துவிட்டேன்.

ஸ்டவ்வோடு வந்த அம்மையார்

அந்த வருஷம் ஒன்றியத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் பெண்களைக் கூட்டி, மலிவான சத்துணவு சமைத்துக் காட்டினார். ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று உறுதி சொன்ன பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் வந்தார்கள்.

மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. அதைப் பற்றவைக்கவே பாதிப் பொழுது போயிற்று. ஒரு படத்தை ஆணியில் மாட்டினார். பால், முட்டை, ஆரஞ்சு, காரட் எல்லாம் பூப்பூவாக வரைந்திருந்தது. எங்கள் ஊரில் காரட்டைப் பார்த்தவர்கள் அன்று வரை இரண்டு பேர்; இருவரும் கொழும்பில் பார்த்தவர்கள். காய்ந்த மண்ணில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த எங்களிடம், ஆளுக்குத் தினம் ஒரு கோப்பைப் பால் அவசியம் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். இலவசமாகக் கிடைத்தது தலையாட்டுவதுதான்.

கடைசியில், நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். மதினியைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். மதினி முக்காட்டைப் பல்லில் கடித்தபடி, எவ்வளவு நொய், எவ்வளவு குதிரைவாலி, எத்தனை கைப்பிடி மீன் என்று சொன்னார். அம்மையார் காகிதத்தில் எழுதினார், கூட்டினார், மறுபடி கேட்டார்.

"இவ்வளவும் பதினோரு பேருக்கா?"

"பதினோரு பேருக்குந்தான். ஒருத்தரும் பசின்னு எந்திரிச்சதில்லை."

அம்மையார் கைதட்டினார். படித்தவர், கூட்டிப் பார்த்தவர், காணாது என்று தெரிந்தவர் கைதட்டினார். எங்களையும் தட்டச் சொன்னார். மதினிக்கு ஓர் எவர்சில்வர் தம்ளரைப் பரிசாகக் கொடுத்து, இந்த அம்மாவைப் பார்த்து எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

கற்றுக்கொள்ள வேண்டியவள் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தாள்.

கிணற்றடி

சபியா என் மூத்த பெண். அப்போது பன்னிரண்டு வயது. தம்ளர் வந்த மறுவாரம் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கயிற்றோடு சாய்ந்தாள்.

நல்லவேளையாக வெளிப்பக்கம் சாய்ந்தாள். எங்கள் கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம். இதை எழுதும்போதும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளாகவே அவள் மெலிந்துகொண்டு வந்தாள். வளர்கிற வயது என்றார்கள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நானே இரண்டு தடவை நாடாவை இழுத்துத் தைத்தேன். ராமநாதபுரத்தில் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல இந்தப் புள்ளைக்குச் சாப்பாடு போடுறீங்களாம்மா?"

மாமனார் அந்தக் கேள்வியை வீடு வரைக்கும் சுமந்து வந்தார். எத்தனை கப்பல்காரருக்குச் சோறு போட்ட வீடு, யாரைப் பார்த்து என்ன கேட்கிறான் என்று பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் எல்லாரும் ஒருமனதாக டாக்டர் மடையன் என்று முடிவு செய்தார்கள். கண்ணேறுதான் காரணம், பரிசு வாங்கிய வீட்டின்மேல் தெருவே கண் வைத்துவிட்டது என்றார்கள். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. கறுப்புக் கயிறு வந்தது. மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். சபியாவுக்கு என்னென்னவோ கொடுத்தார்கள். சோறு கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள்தான் தினமும் சஹனில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளே.

எனக்கு மட்டும் டாக்டரின் கேள்வி முள்ளாக நின்றது. அதனால்தான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

பார்க்கக் கூடாத கை

சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈயம் பூசிய பெரிய தாம்பாளம். நடுவில் சோற்றைக் குவித்து ஆணத்தை ஊற்றி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. அபிராமத்தில் எங்கள் வீட்டில் கல்யாணம், கந்தூரி என்றால்தான் சஹன் இறங்கும். இங்கே அது அன்றாடம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கும் சின்னதுகளுக்கும் ஒன்று.

அதற்கு ஒழுக்கம் உண்டு. உன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடு. அடுத்தவர் கவளத்தைப் பார்க்காதே. பார்த்தால் அவருக்குக் கூச்சம் வரும். விருந்து கொடுப்பவர், வந்தவர் வயிறு நிறையும் வரை கையைச் சஹனிலிருந்து எடுக்கக் கூடாது. தனக்குப் போதும் என்றாலும் சோற்றை அளைந்துகொண்டே இருக்க வேண்டும். அழகான ஒழுக்கம்தான். சோறு இருக்கிற வீட்டுக்கு.

இடுக்கு வழியே நான் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன்.

சின்னவன் மீரான் வாரி வாரித் தின்றான். மற்ற இரண்டும் முள் பொறுக்கின. சபியாவின் கை சோற்றில் இறங்கியது, பிசைந்தது, உருட்டியது, வாய் வரைக்கும் போனது. வாய் திறக்கவில்லை. கை கீழே இறங்கி, உருண்டையை மீரான் பக்கம் ஒதுக்கிவிட்டு, மறுபடி பிசைந்தது. அவ்வப்போது ஒரு பருக்கை இரண்டு பருக்கையை நாக்கில் வைத்துக்கொண்டாள். தாடை மட்டும் ஓயாமல் அசைந்தது.

அவள் கைக்கு எதிரே இன்னொரு கை. அதே பிசைதல், அதே உருட்டல், அதே ஒதுக்கல். பழகின கை, இன்னும் நயமாகச் செய்தது. மதினியின் கை.

அன்று பின்னேரம் சபியாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை வாரியபடி கேட்டேன்.

"மாமி உன்னையத் திங்க வேணாம்னு சொன்னாகளா?"

"இல்லைம்மா. யாரும் ஒண்ணும் சொல்லலை."

"பொறவு ஏன் திங்கலை?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமி அப்படித்தானே திங்கிறாக. பெரிய பொம்பளையானா அப்படித்தான் திங்கணும்னு நெனச்சேன்."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. அரைமணிச் சமையல் எழுதுகிறவர்களே, ஸ்டவ்வோடு வருகிறவர்களே, பரக்கத்து என்று ஏப்பம் விடுகிறவர்களே, உங்கள் சிக்கனத்தின் சூத்திரம் இதுதான். நொய் இல்லை, குதிரைவாலி இல்லை. சாப்பிடாத ஒரு பெண். அவளும் போதாமல் போனால் இன்னொருத்தி.

தட்டுகள்

வீட்டுக்காரர் நல்ல காலத்தில் கொழும்பிலிருந்து அனுப்பிய இனாமல் தட்டுகள் பெட்டியில் இருந்தன. பூப்போட்டவை, மாப்பிள்ளை வீட்டாருக்கென்று மூடி வைத்தவை. மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. எல்லாவற்றையும் எடுத்துக் கழுவினேன். மதினி பொங்கிய சோற்றை நானே அகப்பையால் அளந்து ஆளுக்கொரு தட்டில் போட்டேன். அகப்பையால் அளந்தால்தான் தெரிகிறது, சோறு எவ்வளவு கேவலமாகக் குறைவு என்று. சஹனில் குவித்தால் மலை. தட்டில் போட்டால் எறும்புப் புற்று.

தட்டைப் பிரித்தால் குடும்பம் பிரியும் என்று மாமனார் சத்தம் போட்டார். படித்த மருமகளைக் கொண்டுவந்ததன் பலன் என்றார். அவருடைய தட்டை அவர் முன்னால் வைத்தேன். சோற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மதினி தன் தட்டை மீரான் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குப் பசியில்லை கதீஜா. பொறவு தின்னுக்கிறேன்."

நான் அதை மறுபடி அவர் முன்னால் இழுத்துவைத்தேன். "பொறவுன்னு ஒரு வேளை இந்த வீட்டுல கெடையாது மதினி. நீங்க வாயில வச்சாத்தான் அவ வைப்பா. அவளைப் பாருங்க."

சபியா தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கண் தட்டில் இல்லை. மதினியின் கையில் இருந்தது. மதினியின் விரல் அசைந்தால் அவள் விரலும் அசைந்தது.

மதினி கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தார்.

"இதை யாரு இவளுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான்."

அவர் அழவில்லை. அழுகிற சாதியில்லை அவர். கோபத்தோடுதான் சொன்னார்.

"தாலியறுத்து வந்தவ, தம்பி சோத்தை நெறையத் தின்னா, அவன் புள்ளைக எதைத் திங்கும்? அதுக்காக நான் செஞ்சேன். இந்தக் கழுதை எதுக்குச் செய்யணும்?"

"அவளும் தம்பி சோத்துக்குத்தான் செஞ்சா. அவ தம்பி இங்கன உக்காந்திருக்கான்."

மீரான் வாயில் சோற்றோடு எங்களைப் பார்த்தான்.

மதினி பிஸ்மி சொன்னார். ஒரு கவளம் எடுத்து, கையைத் தூக்கி, வாயைத் திறந்து உள்ளே வைத்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது, இருமல் பிடித்துக்கொண்டது.

"என்னடி இது, இம்புட்டு உறைக்குது?"

"தெனமும் இப்படித்தான் மாமி இருக்கும்," என்றான் மீரான். "தண்ணி நெறையக் குடிங்க. சரியாயிரும்."

உறைப்பு கூடினால் தண்ணீர் இறங்கும், சோறு மிஞ்சும். அதுவும் மதினியின் கணக்குத்தான். கணக்குப் போட்டவருக்கு அன்றுதான் உறைப்புத் தெரிந்தது. ஆனாலும் தட்டைத் தள்ளவில்லை. மூக்கை முக்காட்டில் துடைத்துக்கொண்டு இரண்டாவது கவளம் எடுத்தார். மூன்றாவது எடுத்தார். பிறகு எங்களை மறந்துவிட்டார். தட்டில் கிடந்த கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுக்கும் வரை அவர் தலையை நிமிர்த்தவில்லை. எத்தனை வருஷப் பசி அது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் வந்ததில்லை.

சபியா அதுவரை அவரையே பார்த்திருந்தாள். பிறகு தன் கையைத் தூக்கினாள். வாய் திறந்தது. சோறு உள்ளே போனது. தாடை அசைந்தது. அது எனக்குப் போதவில்லை. தாடை அசைவதை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். எழுந்து போய் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் தொண்டையைப் பார்த்தேன். அது ஏறி இறங்கியது.

இன்று அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. வரும்போதெல்லாம், 'என்னம்மா, திங்கிறவ கழுத்தை அப்படிப் பாக்குறீக?' என்று சலித்துக்கொள்கிறாள். நான் ஒன்றுமில்லை என்கிறேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.